சிப் ஏறியது, சம்பளம் எவ்வளவு ஏறியது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "என் அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். உலகளாவிய மதிப்புச் சங்கிலியில் சேர்ந்ததால்தான் பினாங்கு முன்னேறியது என்கிறார் என் விரிவுரையாளர். அம்மாவோ கண்ணும் முதுகும் போனதுதான் மிச்சம் என்கிறார். யார் சொல்வது சரி? எனக்கும் பத்து கவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. போகலாமா?"

உங்கள் விரிவுரையாளரும் உண்மையைத்தான் சொல்கிறார், அம்மாவும் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் மாநிலத்தின் கணக்கைப் பார்க்கிறார், அம்மா தன் உடம்பின் கணக்கைப் பார்க்கிறார். நான் இந்தத் துறையில் முதலில் கொள்முதல் பிரிவிலும், அப்புறம் சப்ளையர்களைத் தணிக்கை செய்யும் பிரிவிலும் நெடுங்காலம் இருந்தவன். அங்கே எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் சங்கிலியில் மேலே ஏறினால் அதன் லைனில் நிற்பவரும் கூடவே ஏறிவிடுவார் என்று நாம் நம்புகிறோம். அது தானாக நடப்பதில்லை. அவரை ஏற்றிவிட யாராவது தனியாக மெனக்கெட வேண்டியிருக்கிறது. பினாங்கில் அந்த மெனக்கெடல் சில இடங்களில் நன்றாக நடந்தது, சில இடங்களில் நடக்கவே இல்லை.

சங்கிலி என்பது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிப்பை அமெரிக்காவில் வடிவமைக்கிறார்கள், தைவானில் வேஃபர் என்ற மெல்லிய சிலிக்கான் தகட்டில் உருவாக்குகிறார்கள், பினாங்கில் அதை வெட்டி, உறையிட்டு, சோதிக்கிறார்கள், சீனாவிலோ வியட்நாமிலோ போர்டில் பொருத்துகிறார்கள். உலக வணிகத்தில் ஏறத்தாழ பாதி இப்படித் துண்டு துண்டாகப் பிரிந்த உற்பத்தி வழியாக நடக்கிறது என்பது உலக வங்கியின் கணிப்பு. சிப்களை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் உலக அளவில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பெரும்பங்கு பினாங்கினுடையது.

இது எப்படி வந்தது? 1960களின் இறுதியில் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுக அந்தஸ்தை இழந்துகொண்டிருந்தது. வேலையின்மை சுமார் 15 விழுக்காடு. 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, அதே ஆண்டு அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போனார். 1971-இல் தடையற்ற வாணிப வலயச் சட்டம் வந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் நாட்டின் முதல் வலயமானது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அந்த ஆண்டு இங்கேதான் அமைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், போஷ், கிளாரியன், ஹிட்டாச்சி ஆகியவையும் முதல் அலையில் வந்தவை. வரிச் சலுகை, ஆங்கிலம் தெரிந்த ஆட்கள், பக்கத்திலேயே விமான நிலையம் என்று காரணங்கள் பல. சிப் எடை குறைவு, விலை அதிகம். விமானக் கட்டணம் கொடுத்தாலும் கட்டுபடியாகும்.

இன்னொரு காரணத்தைத்தான் உங்கள் அம்மாவின் கண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழை நாட்டுப் பெண்களின் விரல் நுணுக்கத்தை மலேசிய அரசாங்கமே முதலீட்டு விளம்பரத்தில் பெருமையாகச் சொன்ன காலம் அது. வயர் பாண்டிங் என்ற வேலை அப்போது பெரும்பாலும் கையால் நடந்தது. ஷிப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி உட்கார வேண்டும். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லாத தங்கக் கம்பியை, சிப்பின் ஒரு புள்ளியிலிருந்து அது அமரும் உலோகச் சட்டகத்தின் ஒரு புள்ளிக்கு இழுத்து ஒட்ட வேண்டும். ஒன்று தவறினால் அந்தச் சிப் குப்பைக்குப் போகும். இதைத் தவறில்லாமல் செய்ய மாதக்கணக்கில் பழக வேண்டும். அப்படிப் பழகியதைத் திறமை என்று ஒப்புக்கொண்டால் திறமைக்குரிய சம்பளம் தர வேண்டியிருக்கும். பெண்களுக்கு இயல்பாகவே வரும் என்று சொல்லிவிட்டால், சம்பளப் பட்டியலில் அதற்கு இடமே வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் என்னை மிகவும் உறுத்திய அநியாயம் இதுதான். பெண்களை இரவு வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1955 வேலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. தொழிலாளர் இலாகாவின் விலக்கு வாங்கிக்கொண்டு தொழிற்சாலைகள் இரவு ஷிப்டை ஓட்டின. அந்தப் பிரிவே 2023-இல்தான் நீங்கியது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையின் தோட்டப்புறங்களிலிருந்தும் கம்பம் எனப்படும் கிராமங்களிலிருந்தும் பேக்டரி பஸ்ஸில் வந்து, ஃபெரி ஏறி, 1985-இல் பாலம் திறந்த பிறகு பாலம் வழியாக வந்து வேலை பார்த்தவர்களில் நம் பெண்கள் கணிசமானவர்கள். அவர்கள் வாழ்க்கையில் இது சின்ன மாற்றமில்லை. பால்மரத்தடியில் அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோர் உழைப்பும் ஒரே குடும்பக் கணக்கில் தோட்டக் கணக்கரான கிராணியின் புத்தகத்தில் ஏறிய காலத்திலிருந்து, தன் பெயரில் ஒரு சம்பளச் சீட்டு, தன் பெயரில் ஊழியர் சேமநிதிக் கணக்கு என்ற நிலைக்கு ஒரு பெண் வந்தாள். தம்பியைப் படிக்க வைத்த அக்காக்கள், லயத்தை விட்டு வெளியே வீடு வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. விரிவுரையாளர் சொல்லும் முன்னேற்றம் இதுவும்தான். அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள், இதை அவரும் மறுக்க மாட்டார். இன்னொன்று, முதுகு, கழுத்து வலி வேலையால் வந்தது என்று மருத்துவக் குறிப்புகள் இருந்தால், தொழில்சார் நோய்க்கு ஏதாவது உரிமை இருக்கிறதா என்று அருகிலுள்ள சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ரப்பரும் ஒரு மதிப்புச் சங்கிலிதான் என்பதை நம்மவர்கள் மறக்கக் கூடாது. இங்கே பால் வெட்டினோம், விலை லண்டனில் தீர்மானமானது, டயர் அமெரிக்கக் காரில் ஓடியது. 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். நல்ல விலை வந்த நாளில் லாபம் மேலே போயிற்று, விலை விழுந்த நாளில் நட்டம் கீழே வந்தது. சிப் சங்கிலியைப் பார்க்கும்போதும் நான் முதலில் கேட்பது, சந்தை சரியும்போது அடி யார்மேல் விழுகிறது என்பதைத்தான்.

இனி பணம் எங்கே தங்குகிறது என்று பார்ப்போம். 2005-இல் 299 டாலருக்கு விற்ற 30 ஜிபி ஐபாடைப் பிரித்துப் பார்த்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஆப்பிளுக்குச் சுமார் 80 டாலர் நின்றது. எல்லா உதிரிகளையும் சேர்த்துப் பூட்டிச் சோதித்த வேலைக்குக் கிடைத்தது 4 டாலருக்கும் குறைவு. வடிவமைப்பும் பிராண்டும் விற்பனையும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களுக்குப் பெரும்பங்கு. நடுவில் செய்து கொடுப்பவருக்குச் சில்லறை. ஏசர் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டேன் ஷி 1990களின் தொடக்கத்திலேயே இதை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். இரண்டு முனையும் மேலே, நடுப்பகுதி கீழே.

பினாங்கு அந்த நடுப்பள்ளத்திலிருந்து வெளியே வர உண்மையாகவே முயன்றது. 1989-இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாநில அரசு இடம் கொடுத்தது, தொழிற்சாலைகள் இயந்திரங்களையும் பயிற்சியாளர்களையும் கொடுத்தன, என்ன பாடம் வேண்டும் என்பதையும் அவையே சொல்லின. சந்தையில் போட்டியாளர்களான நிறுவனங்கள் ஆள் பயிற்சியில் ஒன்றாக உட்கார்ந்தன. எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு ஆபரேட்டராக வந்தவர்கள் அங்கே படித்து டெக்னீஷியனாக உயர்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்களில் பழகிய பொறியாளர்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். சோதனை இயந்திரங்கள் செய்யும் வைட்ராக்ஸ், பென்டாமாஸ்டர் போன்றவை அப்படி வளர்ந்த உள்ளூர் நிறுவனங்கள். இன்டெல்லே உறையிடுவதோடு நிற்காமல் வடிவமைப்புப் பணியையும் இங்கே கொண்டுவந்தது. 2021 இறுதியில் 30 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) முதலீட்டை அறிவித்தது. 2024 மே மாதம் மத்திய அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி தருவதை இலக்காக வைத்திருக்கிறது.

இதன் அருமை தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, வரி வழக்கும் கைப்பேசிச் சந்தையின் மாற்றமும் சேர்ந்து 2014-இல் கதவை மூடியபோது ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் திகைத்து நின்றார்கள். பினாங்கிலும் ஆலைகள் மூடியிருக்கின்றன. ஆனால் பக்கத்துத் தெருவில் அதே திறமை தேவைப்படும் இன்னொரு ஆலை இருந்தது. அது பெரிய பாதுகாப்பு.

சரி, நிறுவனங்கள் ஏறின. சம்பளம்? நாட்டு ஏற்றுமதியில் மின்னியல், மின்னணுப் பொருள்கள் மட்டும் சுமார் 40 விழுக்காடு. ஆனால் நாட்டு வருமானத்தில் உழைப்பவர்களுக்குச் சம்பளமாகப் போகும் பங்கு மூன்றில் ஒன்றைச் சுற்றியே இருக்கிறது. அதை 40 விழுக்காடாக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் மலேசியத் திட்டமே இலக்கு வைத்தது. குறைந்தபட்ச சம்பளம் என்ற ஒன்று தீபகற்பத்தில் 2013-இல்தான் வந்தது, மாதம் 900 வெள்ளி. பாயான் லெப்பாஸ் திறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து! இப்போது 1,700 வெள்ளி.

ஒரு சம்பளச் சீட்டை விரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 1,700. சட்டப்படி அதை 26-ஆல் வகுத்தால் ஒருநாள் கூலி 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8.17. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் கூடுதலாகச் சுமார் 735 வெள்ளி வரும். பினாங்கில் வாடகை, பிள்ளை, மோட்டார் தவணை என்று வைத்துக் குடும்பம் நடத்த அந்த 735 இல்லாமல் முடியாது. ஆக, ஓவர்டைம் என்பது பெயருக்குத்தான் விருப்பம். ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றால், யாரையும் வேலையைவிட்டு எடுக்காமலேயே சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டு விழுந்துவிடுகிறது. 2001-இலும் 2008-இலும் பல வீடுகளில் அடுப்பு சுருங்கியது இப்படித்தான்.

அந்த ஆர்டர் எப்படி வருகிறது என்பது கொள்முதலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆண்டுக் கடைசியில் விலைப் பேச்சு நடக்கும். வாங்குபவர் அடுத்த ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு குறை என்பார். பிறையில் உலோகப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு சிறு தொழிற்சாலையின் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருமுறை தன் செலவுத் தாளை என் முன் விரித்தார். உலோகத் தகட்டை யாரிடம் என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்று வாங்குபவரே நிர்ணயித்திருந்தார். இயந்திரத்துக்கு வங்கிக் கடன், அது மாறாது. மின்சாரக் கட்டணம் அவர் கையில் இல்லை. மிச்சமிருந்த ஒரே வரி ஆள் கூலி. அதன்மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பேசவில்லை. விலைக்குறைப்பு கேட்ட அதே நிறுவனத்தின் நடத்தை நெறிமுறைப் புத்தகமும் அதே மேசையில் கிடந்தது. வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். காலாண்டு முடிகிற வாரத்தில், இன்னும் இருபதாயிரம் பாகங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று மின்னஞ்சல் வருவதும் அதே நிறுவனத்திலிருந்துதான். ஒரு துறை நெறிமுறை எழுதுகிறது, இன்னொரு துறை அதை மீறாமல் செய்ய முடியாத ஆர்டரைப் போடுகிறது. வேலை நிலைமையைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் திருத்த வேண்டியது விலையும் கெடுவும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தவுக்கே அடுத்து என்ன செய்வார்? மலிவான ஆளைத் தேடுவார். இங்கேதான் நேப்பாளி, வங்காளதேசி, இந்தோனேசிய, மியன்மார் தொழிலாளர்கள் வருகிறார்கள். வெரிட்டே என்ற அமைப்பு மலேசிய மின்னணுத் துறையில் 501 தொழிலாளர்களிடம் பேசி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பு என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தார்கள். ஊரில் ஏஜென்ட்டுக்குக் கட்டக் கடன், இங்கே வந்தால் கடப்பிதழ் வேறொருவர் பெட்டியில். பிறருடைய கடப்பிதழை வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஒரு விடுதியில் நான் தணிக்கைக்குப் போனபோது, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, உள்ளே அவரவர் கடப்பிதழ் என்று காட்டினார்கள். சாவிகளைக் கேட்டேன். எல்லாம் ஒரே வளையத்தில், விடுதிக் காப்பாளரின் இடுப்பில் இருந்தன. தாளில் எல்லாம் சரி. நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போகும் தணிக்கை எதைக் காணும், எதைக் காணாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

தணிக்கையால் ஆகாததை வேறொன்று செய்தது. உலகின் மிகப் பெரிய கையுறைத் தயாரிப்பாளரான டாப் குளோவின் பொருள்களுக்கு 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடை போட்டது. கட்டாய உழைப்பு என்பதுதான் காரணம். பெருந்தொற்றுக் காலத்தில், கையுறைக்கு உலகமே அலைந்த நேரத்தில் வந்த தடை. அதன் பிறகு அந்த நிறுவனம் தொழிலாளர்கள் ஏஜென்ட்டுகளுக்குக் கட்டியிருந்த கட்டணத்துக்காக 130 மில்லியன் வெள்ளிக்கும் மேல் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது, விடுதிகளைச் சீர்செய்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. எல்லைக் கதவு மூடியதும் ஒரே ஆண்டில் பணம் கிடைத்தது என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் அந்தப் பணம் இருந்திருக்கிறது.

உள்நாட்டிலும் சட்டம் நகர்ந்திருக்கிறது. 2023 முதல் வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணி, பேறுகால விடுப்பு 60-லிருந்து 98 நாள். 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோ, 2025 அக்டோபர் முதல் சேமநிதி. இதெல்லாம் உள்ளூர் ஆளுக்கும் நல்லதே. பக்கத்தில் நிற்பவரை ஏமாற்றி மலிவாக வைத்திருக்க முடிகிறவரை உங்கள் சம்பளமும் ஏறாது. வந்தவர்கள் நம் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்று கோபப்படுகிற நம்மவர்களிடம் நான் மறுபடியும் மறுபடியும் சொல்வது இதைத்தான்.

சங்கம் பற்றியும் சொல்ல வேண்டும். மின்னணுத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய சங்கம் பல்லாண்டு மறுக்கப்பட்டது. 1988-இல் ஒவ்வொரு ஆலைக்குள்ளும் தனிச் சங்கம் மட்டும் அனுமதித்தார்கள். வட்டார அளவில் சங்கம் வர இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்ற பயம்தான் எப்போதும் சொல்லப்பட்ட காரணம். 2024 செப்டம்பரில் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் அந்தக் கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தியிருக்கிறது. அம்மாவின் தலைமுறைக்குக் கிடைக்காத கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது.

பத்து கவான் வேலைக்குப் போகலாமா என்றால், போங்கள். ஆனால் நேர்முகத்திலேயே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தம் யாரோடு, நிறுவனத்தோடா ஏஜென்ட்டோடா? ஏஜென்ட் என்றால் நேரடி வேலை கிடைக்கும் வரை வேறு இடமும் தேடுங்கள். ஓவர்டைமைக் கழித்துவிட்டு அடிப்படைச் சம்பளம் மட்டும் என்னவென்று பாருங்கள். ஷிப்ட் எப்படிச் சுற்றுகிறது என்று கேளுங்கள். பத்து மலேசியர்களையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு லெவியாகக் கட்டுகின்றன. அது தொழிலாளர் பயிற்சிக்கான பணம், எனவே ஆபரேட்டர்களுக்கு என்ன பயிற்சி தருகிறீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் டெக்னீஷியனாக ஏற வழியிருக்கும். முழித்தால் ஐந்து ஆண்டு கழித்தும் அதே நாற்காலிதான். ஆட்குறைப்பு வந்தால் ஓராண்டு நிறைந்து இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்து ஆண்டு வரை பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள் என்று சட்டம் சொல்கிறது. வேலை இழந்த சில மாதங்களுக்கு உதவ 2018 முதல் வேலை காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. ஆட்குறைப்புத் தொகையைத் தீர்மானிப்பதில் சேவைக் காலம் முக்கியம் என்பதால், வேலையில் சேர்ந்த தேதி எழுதிய நியமனக் கடிதத்தையும் மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டுகளையும் ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்.